ஏரிக்கரைக் கோடையும் இருபத்திரண்டு பேர் கலியாணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறை நெருங்கும் இந்த வாரங்களில் வந்த கடிதங்களில் பல, கொரோனாப் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் இருந்த 2020 ஆம் 2021 ஆம் ஆண்டுகளின் கோடையையும், அப்போது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏரிக்கரைக் கொட்டேஜ்களில், அதாவது கோடை விடுமுறை வீடுகளில், சிறிய அளவில் நடந்த திருமணங்களையும் பற்றியவையாக இருந்தன. அவற்றுள் ஐந்தை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். என் அண்ணனின் மகளுக்கும் 2020 ஓகஸ்ட் இறுதியில் ஹலிபேர்ட்டன் பகுதி ஏரி ஒன்றின் கரையில், ஐயரையும் சேர்த்து இருபத்திரண்டு பேர் முன்னிலையில்தான் தாலி ஏறியது. ஆகவே இந்தக் கேள்விகளுக்கு வெளியே நின்று பதில் சொல்ல என்னால் முடியாது.

கேள்வி: நாங்கள் கோடைக்காக வாடகைக்கு எடுத்திருந்த மஸ்கோகா கொட்டேஜ் ஒன்றில், 2020 ஓகஸ்டில் எங்கள் மகளின் திருமணத்தைப் பதினெட்டுப் பேருடன் நடத்தினோம். "வெளியில் நூறு பேர் கூடலாம் என்று அரசாங்கமே சொல்லியிருந்ததே, எங்களை ஏன் விட்டீர்கள்?" என்று என் கணவரின் சகோதரிகள் இன்றுவரை கேட்கிறார்கள். இந்த ஓகஸ்டில் ஐந்து ஆண்டுகள் நிறைகின்றன. மண்டபம் எடுத்து, மணவறை வைத்து, எல்லாரையும் அழைத்து மீண்டும் ஒருமுறை செய்தால் இந்த மனக்குறை தீருமா?
— மார்க்கத்திலிருந்து ஒரு தாயார்

பதில்: உங்கள் மைத்துனிமார் சொல்லும் எண் சரியானதுதான். 2020 ஜூன் 12 முதல், வெளியிடத்தில் நடக்கும் திருமணச் சடங்குக்கு ஐம்பது பேர் வரலாம், கட்டடத்துக்குள் நடந்தால் அந்த இடத்தின் கொள்ளளவில் 30 சதவீதத்தினர் வரலாம், ஆனால் சடங்குக்குப் பின்னரான விருந்துக்குப் பத்துப் பேர் மட்டுமே என்று மாகாண அரசு விதித்திருந்தது. ஜூலை 17 அன்று மாகாணத்தின் பெரும்பகுதி மீளத் திறப்பின் மூன்றாம் கட்டத்துக்குச் சென்றபோது, உள்ளே ஐம்பது, வெளியே நூறு என்று அந்த எல்லை உயர்ந்தது. ரொறன்ரோவும் பீலும் ஜூலை 31 வரை காத்திருந்தன. எனவே ஓகஸ்டில் இடைவெளி விட்டு நூறு பேரை அமர்த்தியிருந்தால் சட்டம் உங்களைக் கேட்டிருக்காது.

ஆனால் அந்த நூறு என்பது அனுமதியின் மேல் எல்லையே தவிர, அத்தனை பேரும் வந்து சுகமாகத் திரும்புவார்கள் என்று யாரும் கொடுத்த உறுதிமொழி அல்ல. நண்பகலில் ஒரு மழை பெய்திருந்தால் நூறு பேரும் கூரை தேடியிருப்பார்கள், கூரைக்குக் கீழே எல்லை ஐம்பது. ஒன்ராறியோவில் முதலாவது தடுப்பூசி போடப்பட்டது அந்த ஆண்டு டிசம்பர் 14 அன்று; உங்கள் மகளின் முகூர்த்த நாளில் நம்மில் ஒருவருக்கும் அந்தக் காப்பு இல்லை. நம் குடும்பங்களில் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் பண்டகசாலைகளிலும் வேலைக்குப் போய், மூன்று தலைமுறையினர் வாழும் வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் மைத்துனிமாரும் அறிவார்கள். செப்டம்பர் 19 அன்று வீடுகளில் கூடுவோரின் எண்ணிக்கை உள்ளே பத்து, வெளியே இருபத்தைந்து என்று மாகாணம் முழுவதும் குறைக்கப்பட்டது. விதியை மீறி ஒன்றுகூடலை நடத்துபவருக்கு ஆகக் குறைந்தது 10,000 டொலர் தண்டமும் அந்த நாட்களிலேயே வந்தது. நீங்கள் பதினெட்டோடு நிறுத்தியது அச்சத்தாலும் அன்பாலும் எடுத்த முடிவு, அதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

இருந்தாலும், இந்தக் கணக்கையெல்லாம் அவர்களிடம் எடுத்துச் சொல்வதால் பயன் இருக்காது என்றே நினைக்கிறேன். அவர்கள் எண்ணைப் பற்றிக் கேட்டாலும், அவர்களுக்கு நோவது வேறிடத்தில். நம் வழக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்வது என்றால் வீடு தேடிப் போய், இருந்து, சொல்லிவிட்டு வருவது. அந்தக் கோடையில் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியவில்லை என்பதால், பல வீடுகளில் சொல்வதே நின்றுபோய், கலியாணம் நடந்த செய்தி படமாக வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. உடன்பிறந்த சகோதரி, தன் தம்பி மகளின் தாலிகட்டை மற்றவர்களோடு சேர்த்துக் கைப்பேசியில் பார்த்து அறிந்தார் என்றால், அந்த நோவை எந்த விதிமுறையும் ஆற்றாது.

எங்கள் வீட்டில் அண்ணனும் அண்ணியும் திருமணத்துக்கு முன்னர் பதினொரு மாலைகள் தொலைபேசியோடு உட்கார்ந்து, வழமையாக அழைத்திருக்கக்கூடிய ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்து, "உங்களை அழைக்க முடியவில்லை, அதைச் சொல்லத்தான் எடுத்தோம்" என்று சொன்னார்கள். சிலர் அழுதார்கள். சிலர், தங்களை அழைக்காதது நல்லது, அழைத்திருந்தால் வர மறுக்கவேண்டி வந்திருக்கும் என்று வெளிப்படையாகவே ஆறுதல் கொண்டார்கள். ஒரு பெரியம்மா மட்டும் பேச மறுத்து, அடுத்த கோடையில் மணமக்கள் பலகாரத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றபோதுதான் இளகினார்.

ஆகவே மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர், நீங்களும் உங்கள் கணவரும் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மைத்துனியின் வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். விதிகளைச் சொல்லி வாதாடாமல், "சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது எங்கள் பிழை" என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மணவறையும் தாலிகட்டும் மீண்டும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மகளின் கழுத்தில் 2020 இல் ஏறிய தாலி முழுமையானது. அதை ஒத்திகையாக்கி, ஐந்நூறு பேர் பார்க்கும்போதுதான் அது திருமணமாகிறது என்று அவளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கக்கூடாது. அதற்குப் பதிலாக, அதே கொட்டேஜோ அதைப் போன்ற வேறொன்றோ ஓகஸ்டில் கிடைக்குமானால், மைத்துனிமாரின் குடும்பங்களை அழைத்து இரண்டு இரவு தங்கவையுங்கள். எந்த இடத்தில் மணவறை இருந்தது, எந்த மரத்தில் மாவிலைத் தோரணம் கட்டினீர்கள், யார் எங்கே நின்றார்கள் என்று உங்கள் மகளே அவர்களுக்கு நடந்து காட்டட்டும். ஒரு மண்டபத்தில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வதைவிட, ஒரே அடுப்பில் சமைத்து இரண்டு நாள் இருப்பது அத்தைமாருக்கு உரிய இடத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

கேள்வி: எங்கள் திருமணம் 2020 செப்டம்பர் தொடக்கத்தில், கவார்த்தா ஏரிகள் பகுதியில் மாமாவின் கொட்டேஜில் நடந்தது. திருமண அனுமதிப்பத்திரத்தை அந்த ஆண்டு பெப்ரவரியிலேயே எடுத்திருந்தோம். இரண்டு சாட்சிகளில் ஒருவர் நேரில் நின்றார். லண்டனில் இருந்த என் அக்கா ஸூம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் சாட்சியாகக் கொள்ளப்படுவார் என்று நினைத்திருந்தோம். சடங்கு முடிந்தபின், அது சரிவராது என்று சொல்லப்பட்டு, அடுப்படியில் நின்ற உறவினர் ஒருவர் வந்து கையொப்பம் இட்டார். எங்கள் திருமணம் சட்டப்படி செல்லுமா என்ற பயம் எனக்கு இப்போது வந்திருக்கிறது.
— ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலில் அனுமதிப்பத்திரத்தைப் பார்ப்போம். ஒன்ராறியோவில் அது வழமையாக 90 நாட்களுக்கே செல்லுபடியாகும். ஆனால் 2019 டிசம்பர் 1 முதல் வழங்கப்பட்டு, பெருந்தொற்றால் பயன்படுத்தப்படாமல் இருந்த பத்திரங்களின் காலத்தை மாகாண அரசு நீட்டித்தது. உங்கள் பெப்ரவரிப் பத்திரம் அதற்குள் அடங்குகிறது.

சாட்சி விடயத்தில், திருமணத்தை நடத்திவைப்பவரும் மணமக்களும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே இடத்தில் நேரில் இருக்கவேண்டும் என்பதே ஒன்ராறியோவின் விதி. பெருந்தொற்றுக் காலத்திலும் அது தளர்த்தப்படவில்லை. 2020 ஏப்ரலில் நியூயோர்க் மாநிலத்தில் காணொளி வழியாகத் திருமணம் செய்ய ஆளுநரின் ஆணை இடம் கொடுத்ததால், அந்தச் செய்தியைக் கேட்டு இங்கும் அப்படியே என்று பலர் நம்பினார்கள். உங்கள் அக்காவின் பார்வை அன்பின் சாட்சியாக இருந்தது, ஆனால் சட்டம் கேட்கும் சாட்சியாக அதைக் கொள்ள முடியாது.

அதனால் உங்கள் திருமணம் செல்லாமல் போய்விடும் என்று அஞ்சவேண்டாம். இருவரும் நல்ல நம்பிக்கையோடு, சட்டப்படி மணக்கும் நோக்கத்தோடு சடங்கு செய்து, மணப்பதற்குத் தடை எதுவும் இல்லாதவர்களாக இருந்து, அதன்பின் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், நடைமுறையில் ஏற்பட்ட குறைபாடு அந்தத் திருமணத்தைக் குலைக்காது என்று ஒன்ராறியோ திருமணச் சட்டத்தின் 31 ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான்: திருமணச் சான்றிதழை இதுவரை எடுக்கவில்லை என்றால், மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோ மூலம் விண்ணப்பியுங்கள். சடங்கன்று கையில் கிடைக்கும் தாள் சான்றிதழ் அல்ல. நடத்திவைத்தவர் அனுப்பும் படிவம் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்தில் பதிவான பின்னரே சான்றிதழ் பெற முடியும். அந்தக் கோடையில் மணந்தவர்கள் பலர் அவசரத்தில் இதை மறந்திருப்பார்கள் என்பதால், இதை வாசிக்கும் மற்றவர்களும் தங்கள் கோவையை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. பதிவு இல்லை என்ற பதில் வந்தால் மட்டும் குடும்பச் சட்டம் அறிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள்.

கேள்வி: எனக்கு எழுபத்தொன்பது வயது. 2020 ஜூனில் மகனின் குடும்பமும் மகளின் குடும்பமும் நானுமாகப் பத்துப் பேர், ஜோர்ஜியன் விரிகுடாவுக்கு அருகே ஒரு கொட்டேஜில் கோடை முழுவதும் ஒன்றாக இருந்தோம். பேத்தியின் கலியாணமும் அங்கேயே நடந்தது. அந்த மூன்று மாதமும் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டார்கள்; தாலிக்கான பொன்னுருக்குக்கு என்ன வைப்பது, வாழ்த்தும் அறுகரிசியை யார் முதலில் போடுவது, எதற்குப் பின் எது என்று நான் சொல்லச் சொல்லச் செய்தார்கள். இப்போது மகன் சொந்தமாகக் கொட்டேஜ் வாங்கி, ஒவ்வொரு கோடையும் என்னை அழைத்துப் போகிறான். "அம்மம்மா, நீங்கள் ஓய்வெடுங்கோ" என்று கதிரையில் இருத்திவிட்டு எல்லாரும் படகில் போய்விடுகிறார்கள். கோயிலும் இல்லை, பேசவும் ஆள் இல்லை. இந்த முறை வரவில்லை என்று சொல்லிவிடலாமா?
— ஏஜக்ஸிலிருந்து ஒரு பாட்டி

பதில்: அம்மா, இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதுதான்.

அந்தக் கோடை உங்களுக்குக் கிடைத்த விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். மார்ச் மாதம் மூடிய பாடசாலைகள் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை திறக்கவில்லை. ஏப்ரல் 4 முதல் நிறுத்தப்பட்டிருந்த குறுங்கால வாடகை ஜூன் 5 அன்றுதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஒருவரையொருவர் தொட்டுப் பழகக்கூடிய பத்துப் பேர் வட்டத்துக்கு ஜூன் 12 அன்று இடம் கிடைத்தது. உங்கள் குடும்பம் சரியாகப் பத்துப் பேர். பிள்ளைகளுக்கு வேலை கணினியில், பேரப்பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை, வெளியே போக ஓரிடமும் இல்லை. மண்டபத்துக்காரரும் அலங்காரக்காரரும் சமையற்காரரும் இல்லாத அந்தக் கலியாணத்தில், சடங்கை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதை உங்கள் வீடு அப்போதுதான் கண்டுகொண்டது. இப்போது எல்லாம் கடையில் கிடைக்கிறது, ஆகவே உங்களை ஓய்வில் வைப்பதே மரியாதை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்களிடம் அன்பு குறைந்துவிட்டது என்று உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் தவறாகப் புரிந்திருக்கிறார்கள்.

வரவில்லை என்று சொல்லாதீர்கள். "வருகிறேன், ஆனால் எனக்கு ஒரு வேலை வேண்டும்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டை உங்கள் பொறுப்பில் எடுத்து, பேரப்பிள்ளைகளில் ஒருவரை முறைவைத்து உங்களுக்குக் கைத்துணையாக நிறுத்தச் சொல்லுங்கள். பேத்தியின் கலியாணத்தில் நீங்கள் சொல்லிச் செய்வித்த ஒழுங்கை, பொன்னுருக்கிலிருந்து நாலாம் சடங்குவரை, நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளட்டும். அடுத்த கலியாணத்துக்கு அந்தக் கொப்பி தேவைப்படும். கோயில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழா கொட்டேஜ் காலத்திலேயே வருகிறது. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம் என்பதால், அங்கே காலை ஏழு மணியாகும்போது ஏரிக்கரையில் முந்தைய இரவு ஒன்பதரை. தேர்த் திருவிழாவன்று, பிள்ளைகள் படகைக் கட்டிவிட்டு வந்து, குளித்து, உங்களைச் சுற்றி இருந்து நேரலையில் தேரைப் பார்ப்பதற்கு அதைவிட வசதியான நேரம் இல்லை. அந்த இரவில் நீங்கள் தேவாரம் சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும்.

இந்தப் பகுதியை அவர் மகன் வாசிப்பார் என்றால், அவருக்கும் சில வார்த்தைகள். அம்மாவின் கதிரையைப் படகுத்துறை தெரியும் இடத்தில் வைத்தால் மட்டும் போதாது. நாளில் ஒரு தடவையாவது எல்லாரும் கரையில் இருக்கும் நேரம் ஒன்று வேண்டும். படிகளுக்குக் கைபிடி போடுங்கள், குளியலறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். அங்கே மின்சாரம் நின்றால் நீரிறைக்கும் இயந்திரமும் நிற்கும் என்பதால் குடிநீரைச் சேமித்து வையுங்கள். மருந்துகளைத் தங்கும் நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாகக் கொண்டு போங்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஓடவேண்டும் என்பதை முதல் நாளே ஓடிப் பாருங்கள். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டி வந்து திரும்புவது உங்களுக்கு ஒரு நாள் அலைச்சல்தான். அவருக்கு அது கோடையின் பாதி.

கேள்வி: 2021 ஜூலையில் என் ஒன்றுவிட்ட அண்ணன் கொட்டேஜில் முப்பது பேருடன் செய்த திருமணம்தான் நான் பார்த்தவற்றில் மிக அழகானது. இப்போது கட்டுப்பாடுகள் எதுவும் இல்லாவிட்டாலும், நானும் என் வருங்கால மனைவியும் அடுத்த கோடையில் அப்படியே செய்ய விரும்புகிறோம். வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? கூறைச் சேலையோடு படகில் படம் எடுக்கலாமா?
— மிசிசாகாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் நாள். கொட்டேஜ் காலத்தின் நடுப்பகுதியான ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை ஆடி மாதம். பெரியவர்கள் ஆடியில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால், உங்களுக்கு ஆனியும் ஆவணியும்தான் மிஞ்சும். ஜூன் மாதத்தில் கறுப்பு ஈக்களும் நுளம்புகளும் மணமக்களை நிற்கவிடாது என்பதால் ஆவணியையே நான் சொல்வேன். செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்திய வாரங்களில் ஏரியின் நீரும் இதமாக இருக்கும்.

அடுத்தது ஓமம். ஏரிப் பகுதிகளில் பல நகராட்சிகள் கோடை மாதங்களில் பகல் நேரத்தில் வெளியே தீ மூட்டுவதைத் தடைசெய்கின்றன. வறட்சி கூடினால் எல்லாத் தீயும் ஒரே அறிவிப்பில் தடையாகலாம். நம் முகூர்த்தமோ காலை வேளையில். எனவே அந்த நகராட்சியின் தீயணைப்புப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள்; தடை வந்தால் விளக்கையும் கும்பத்தையும் கொண்டு சடங்கை எப்படி நடத்துவது என்று ஐயரிடம் இப்போதே பேசி வையுங்கள். எங்கள் வீட்டில் இதை முகூர்த்தத்துக்கு இரண்டு நாளுக்கு முன்னர்தான் கண்டுபிடித்தோம். அந்த இரண்டு நாளும் அண்ணி சாப்பிடவில்லை.

வாடகைக் கொட்டேஜ் என்றால், திருமணம் நடத்துவதற்கு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கவேண்டும். செப்டிக் தொட்டியை மறக்கவேண்டாம்: மூன்று படுக்கையறை வீட்டுக்கு ஒன்ராறியோவில் நாளொன்றுக்கு 1,600 லீற்றர் கழிவுநீரைக் கணக்கில் கொண்டே அது அமைக்கப்படுகிறது, முப்பது பேர் இரண்டு நாள் தங்கினால் அது தாங்காது, நடமாடும் கழிப்பறைகளை வரவழையுங்கள். 60 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கூடாரம் என்றால் கட்டட அனுமதி எடுக்கவேண்டும். ரொறன்ரோவிலிருந்து ஹன்ற்ஸ்வில் 200 கிலோமீற்றருக்கு மேல்; வெள்ளி பிற்பகல் 400 ஆம் நெடுஞ்சாலை எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஐயரை முந்தைய இரவே தங்கவைப்பது நல்லது. ஒன்ராறியோவின் அனுமதிப்பத்திரம் மாகாணத்துக்குள் எங்கும் செல்லும், ஆனால் கியூபெக் பக்க ஏரிகளில் செல்லாது. நாதஸ்வரத்தை ஒலிபெருக்கியில் போட்டால் நீரின் மேல் அந்த ஒலி எதிர்க்கரை வரை போகும். முந்தைய நாள் அயலவர் வீடுகளுக்குப் பலகாரத்தோடு போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

கூறையோடு படகில் ஏறவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். நனைந்த பட்டின் பாரம் நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்பது சட்டம், அதை அணிந்தே இருப்பது அறிவு. இயந்திரப் படகை ஓட்டுபவரிடம் அதற்கான அட்டை இருக்கவேண்டும். கரையில் நின்று, ஏரி பின்னால் தெரிய எடுத்த படத்தில்தான் என் மருமகள் மிக அழகாக இருக்கிறாள்.

உங்கள் அண்ணனின் திருமணம் ஏன் அவ்வளவு அழகாகப் பட்டது என்பதையும் யோசியுங்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 8 அன்று தொடங்கிய வீட்டிலிருக்கும் உத்தரவு ஜூன் 2 வரை நீடித்தது. மூன்றாம் படிநிலைத் திறப்பு ஜூலை 16 அன்று வந்தது. அத்தனை நாள் பிரிந்திருந்தவர்கள் முகம் பார்த்த நாள் அது. அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்திருக்கும். மாலை கட்டியவர், பந்தல் நட்டவர், சோறு வடித்தவர் எல்லாரும் உறவினராகவே இருந்திருப்பார்கள். எண்ணிக்கையை மட்டும் சிறிதாக்கிவிட்டு, எல்லா வேலைகளையும் கூலிக்கு விட்டீர்களானால், நீங்கள் தேடுவது கிடைக்காது.

கேள்வி: 2020 செப்டம்பரில் ஏரிக்கரையில் நடந்த என் திருமணத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்த அப்பாவால் வரமுடியவில்லை. அம்மாவோடு இருந்து ஸூமில் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் ஒலித்த அந்தக் கணத்தில் கொட்டேஜின் இணைய இணைப்பு அறுந்துவிட்டது. மீண்டும் வந்தபோது தாலி ஏறி முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு அப்பா காலமானார். என் தாலிகட்டை அவர் பார்க்கவில்லை என்ற துயரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.
— பிரம்ப்டனிலிருந்து ஒரு மகள்

பதில்: அன்பு மகளே, அந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல நான் முயலமாட்டேன். இலங்கையின் விமான நிலையம் 2020 மார்ச்சில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு மூடப்பட்டு, 2021 ஜனவரியில்தான் திறந்தது. கனடாவும் எல்லையை மூடியிருந்தது. வந்தவர்களும் பதினான்கு நாள் தனித்திருக்க வேண்டியிருந்தது. ஏரிப் பகுதிகளில் இணையம் அப்படித்தான் இருந்தது. இவற்றில் எதுவும் உங்கள் கையில் இருக்கவில்லை.

உங்கள் முகூர்த்தம் காலை பத்து மணியளவில் இருந்திருக்குமானால், அங்கே இரவு ஏழரை. அப்பா விளக்கேற்றி, வேட்டி உடுத்து, திரைக்கு முன்னால் இருந்திருப்பார். மேளத்தைக் கேட்டபின்தான் படம் நின்றது. அந்த ஒலி எதற்கானது என்பதை அறியாத தகப்பன் நம்மில் இல்லை. படம் அறுந்த அந்த நிமிடங்களில் அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் இதுவரை யாரிடமும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கைகூப்பியிருக்கலாம், வாய்விட்டு வாழ்த்தியிருக்கலாம், கையில் வைத்திருந்த அறுகரிசியைத் திரையை நோக்கித் தூவியிருக்கலாம். அவர் அருகில் இருந்தவர் உங்கள் அம்மா. எங்கள் அண்ணியின் தாயார் அதே போன்ற ஒரு இரவில் கொழும்பில் என்ன செய்தார் என்பது மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர்தான் எங்களுக்குத் தெரியவந்தது, அதுவும் கேட்ட பிறகுதான். இன்று இரவு அம்மாவுக்கு எடுங்கள். அங்கே விடிந்திருக்கும்.